கழக வரலாறு எழுதப் போகிறீர்களா? கொழும்பில் ஓர் உதைபந்தாட்டக் கழகத்தின் வெற்றிகளைத் தொகுப்பதற்கான வழிகாட்டி

கழகத்துக்கு ஐம்பதோ எழுபத்தைந்தோ வயதாகிறது. ஆண்டு விழாவுக்கு மலர் ஒன்று போட வேண்டும். கூட்டத்தில் எல்லோரும் உங்களைத் திரும்பிப் பார்த்து, "தம்பி, எழுதக்கூடிய ஆள் நீங்கதான், கழகத்தின்ர வரலாற்றை நீங்களே எழுதிக் குடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். அப்படிப் பொறுப்பேற்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கழகம் ஒன்றுக்காக நான் இந்த வேலையைச் செய்தேன். மூன்று மாதத்தில் முடியும் என்று நினைத்தேன். பதினான்கு மாதம் இழுத்தது. காசும் போனது. அதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் மலர் வெளியான அன்று, 1960களில் எங்களுக்கு விளையாடிய ஒரு ஐயா முன்வரிசையில் இருந்து பக்கங்களைப் புரட்டினார். கிண்ணம் வென்ற அணியின் பெயர்ப் பட்டியலில் அவருடைய பெயர் இல்லை. ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அந்த இறுதிப்போட்டியில் அவர் விளையாடினார் என்று சொல்லும் பத்திரிகைச் செய்தி இரண்டு மாதம் கழித்து என் கையில் கிடைத்தது. நான் தேடிய வரிசை பிழை. சரியான வரிசையில் தேடியிருந்தால் அந்தச் செய்தி மலருக்கு முன்பே கிடைத்திருக்கும்.

அதனால் எதை முதலில் செய்வது, என்ன கடதாசி வேண்டும், எவ்வளவு செலவு, எத்தனை நாள் என்பதைத்தான் இங்கே சொல்கிறேன்.

1. முதலில் கடிதமும் காசும்

தேடத் தொடங்குவதற்கு முன் கழகச் செயற்குழுவில் தீர்மானம் ஒன்று நிறைவேற்றுங்கள். உங்களுக்கு இந்தப் பொறுப்புத் தரப்பட்டது, இவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது, கழகத்தின் பழைய கூட்ட அறிக்கைப் புத்தகங்களையும் கணக்குப் புத்தகங்களையும் பார்க்க உங்களுக்கு அனுமதி உண்டு. இந்த மூன்றும் அறிக்கைப் புத்தகத்தில் ஏற வேண்டும். நான் வாய்ப்பேச்சை நம்பி இறங்கினேன். பாதி வழியில் நிர்வாகம் மாறியது. புதிய பொருளாளருக்கு ஒன்றும் தெரியவில்லை. அவரில் பிழை இல்லை, எழுத்தில் எதுவும் இல்லையே.

அப்புறம் கழகத்தின் கடிதத் தலைப்பில் ஓர் அறிமுகக் கடிதம். தலைவர், செயலாளர் இருவருடைய கையொப்பமும் கழக முத்திரையும் இருக்கட்டும். உங்கள் முழுப் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், எதற்காகத் தேடுகிறீர்கள் என்பதெல்லாம் தெளிவாக வர வேண்டும். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எடுங்கள். ஒவ்வொன்றிலும் பத்துப் பிரதி கையில் இருக்கட்டும். தமிழ்க் கடிதத்தை மட்டும் கொண்டுபோய் ஓரிடத்தில் நின்றேன். அதை வாசிக்கக்கூடிய அலுவலர் அன்று லீவு. ஒரு நாள் வீண்.

செலவு: அச்சுச் செலவைச் சேர்க்காமல் எனக்கு ஏறத்தாழ 42,000 ரூபா போனது. பஸ், ஓட்டோவுக்கு 14,000. போட்டோக் கொப்பிக்கும் ஸ்கேனுக்கும் 11,000. பழுதான படங்களைத் திருத்த 9,000. வீடுகளுக்குப் போகும்போது வெறுங்கையோடு போக முடியாது அல்லவா, பழம், பிஸ்கட், தேயிலை என்று 8,000. விலை ஏறிக்கொண்டே இருப்பதால் நீங்கள் இதற்கு மேல் ஒரு பங்கு கூட்டியே கேளுங்கள்.

காலம்: விழாவுக்கு எட்டு மாதம் முன்பே தொடங்குங்கள். ஆட்களைச் சந்திக்க இரண்டு மாதம், பத்திரிகை தேட மூன்று மாதம், சரிபார்க்க ஒரு மாதம், எழுத்துக்கும் அச்சுக்கும் இரண்டு மாதம். வேலைக்குப் போகிறவர் என்றால் வார நாட்களில் பத்து லீவாவது தேவைப்படும். பௌர்ணமி விடுமுறையான போயா நாளையும் அரச விடுமுறையையும் நாட்காட்டியில் முதலே குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் புத்தாண்டு வாரத்தில் எந்த அலுவலகத்தையும் நம்ப வேண்டாம்.

2. வயதானவர்களிடம் முதலில் போங்கள்

நான் செய்த பெரிய பிழை இதுதான். பத்திரிகையைத் தேடி முடித்துவிட்டு ஆட்களிடம் போகலாம் என்று நினைத்தேன். கடதாசி நாளைக்கும் அங்கேயே இருக்கும். ஆட்கள் இருக்க மாட்டார்கள். நான் எழுதி வைத்த ஏழு பேரில் இரண்டு பேர், அவர்கள் வீட்டுக் கதவை நான் தட்டுவதற்கு முன்பே போய்விட்டார்கள். அந்த இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த ஆட்டங்கள் எங்கள் மலரில் இல்லை. இனி ஒருபோதும் வரப்போவதும் இல்லை.

எண்பது வயதைத் தாண்டியவர்களை முதல் இரண்டு வாரத்திலேயே பாருங்கள். தொலைபேசியில் நேரம் கேட்டுவிட்டு நேரில் போங்கள். காலை பத்து மணி நல்ல நேரம். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் நடுவில் நிதானமாகப் பேசுவார்கள். பழைய அணிப் படம் ஒன்று இருந்தால் ஏ4 அளவில் அச்சடித்து, ஒவ்வொரு முகத்துக்கும் இலக்கம் போட்டுக் கொண்டுபோங்கள். "இது யார்?" என்று படத்தைக் காட்டினால் பெயர்கள் தானாக வரும். படம் இல்லாமல் கேட்டால் இரண்டு பெயருக்கு மேல் நினைவு வராது.

"எத்தனையாம் ஆண்டு?" என்று நேராகக் கேட்காதீர்கள். ஆண்டு சொல்லச் சொன்னால் யாரும் தடுமாறுவார்கள், அல்லது உங்களைத் திருப்திப்படுத்த ஏதாவது சொல்வார்கள். "அப்ப உங்களுக்குக் கலியாணம் முடிஞ்சிட்டுதா? எங்க வேலை செய்தீங்க? மூத்த பிள்ளை பிறந்திட்டுதா?" என்று கேளுங்கள். நாட்டு நடப்போடு சேர்த்தும் கேட்கலாம். 1953 ஓகஸ்ட் ஹர்த்தாலுக்கு முன்பா பின்பா? 1971 ஏப்ரல் ஊரடங்கு நேரமா? பாணுக்கு வரிசையில் நின்ற காலமா? இப்படிக் கேட்டு நான் பிடித்த ஆண்டுகளில் பெரும்பாலானவை ஓர் ஆண்டு முன்பின்னாகச் சரியாகவே இருந்தன. பத்திரிகை தேட அது போதும்.

கொழும்புக் கழகங்களில் ஓர் இனத்தவர் மட்டும் விளையாடியதில்லை. எங்கள் அணியின் வலதுபுற வீரர் கொம்பனித்தெரு முஸ்லிம் நானா ஒருவர். கோல் காப்பாளர் மட்டக்குளியைச் சேர்ந்த சிங்களவர். ஆகவே சிங்களம் சரளமாகப் பேசும் நண்பர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அரைகுறைச் சிங்களத்தில் நான் கேட்டு எழுதிய ஒரு செவ்வியை முழுவதுமாகத் திரும்பச் செய்ய வேண்டி வந்தது.

1983 ஜூலையில் வீடு எரிந்த குடும்பங்களிடம் எடுத்த எடுப்பில் "அல்பம் இருக்கா?" என்று கேட்காதீர்கள். முதலில் ஆட்டத்தைப் பற்றிப் பேசுங்கள். அவர்களாகவே அந்த நாளைப் பற்றிச் சொன்னால் கேளுங்கள், அவசரப்படுத்த வேண்டாம். கொழும்பில் எரிந்த படத்தின் இன்னொரு பிரதி ரொறன்ரோவிலோ லண்டனிலோ ஓர் அண்ணன் வீட்டில் இருக்கக்கூடும். எங்களுக்கு அப்படி நான்கு படங்கள் வந்தன. வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லும்போது படமாக அனுப்பாமல் டொகியுமென்ட் ஆக அனுப்பச் சொல்லுங்கள். படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். ஸ்கேன் செய்வதாக இருந்தால் 600 டிபிஐக்குக் குறையக் கூடாது.

அசல் படத்தை எக்காரணம் கொண்டும் வெளியே எடுத்துப் போகாதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன் யாரோ "கொப்பி எடுத்துட்டுத் தாறன்" என்று வாங்கிப்போய்த் திருப்பிக் கொடுக்காத கதை நான் போன மூன்று வீடுகளில் இருந்தது. அதனாலேயே ஒரு அன்ரி கதவைத் திறக்கவே ஒரு மாதம் எடுத்தார். சின்ன ஸ்கேனர் ஒன்றை இரவல் வாங்கி, அவர்களுடைய மேசையிலேயே, அவர்கள் கண்முன்னே பிரதி எடுங்கள். பேச்சைப் பதிவு செய்வதற்கும் முதலில் சம்மதம் கேளுங்கள்.

3. கிண்ணங்களை வாசியுங்கள்

கழக அலமாரியில் இருக்கும் கிண்ணம், கேடயம் எல்லாவற்றையும் இறக்கி, ஒவ்வொன்றுக்கும் இலக்கம் ஒட்டிப் படம் எடுங்கள். எழுத்து தேய்ந்திருந்தால் மெல்லிய கடதாசியை மேலே வைத்துப் பென்சிலால் மெதுவாகத் தேயுங்கள். எழுத்து வெள்ளையாகத் தெரியும். அல்லது அறையை இருட்டாக்கிப் போன் டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். பிரசோ போட்டு மினுக்க வேண்டாம், மிஞ்சியிருக்கும் எழுத்தும் போய்விடும்.

கிண்ணம் பெரிதாக இருப்பதால் வெற்றியும் பெரியது என்று எடுக்காதீர்கள். எங்கள் அலமாரியின் மிகப் பெரிய கிண்ணம் ஒரு நாள் எழுவர் போட்டிக்கு உரியது. கழகத்தின் பெருமைக்குரிய வெற்றியின் நினைவாக இருந்ததோ உள்ளங்கை அளவு கேடயம். சுழற்கிண்ணங்கள் அடுத்த ஆண்டு கைமாறிவிடும். அவை அலமாரியில் இல்லை என்பதால் வெல்லவில்லை என்றும் ஆகாது. 'இரண்டாமிடம்' என்ற சொல் தேய்ந்துபோன கிண்ணங்களும் உண்டு. கிண்ணம் ஒரு துப்பு மட்டும்தான். ஆதாரம் வேறு.

4. "சாம்பியன்" என்றால் எந்தச் சாம்பியன்?

பழைய வீரர்கள் "நாங்க சாம்பியன்" என்பார்கள். அது பொய் இல்லை. ஆனால் அது லீக்கின் எந்தப் பிரிவில், எந்தப் போட்டியில் என்று பிரித்து எழுதாவிட்டால் மலரை வாசிக்கும் அடுத்த கழகத்துக்காரர் முதல் நாளே பிழை பிடிப்பார். தனித்தனிப் பத்தியாக அட்டவணை போடுங்கள். உள்ளூர் லீக்கின் பிரிவுகள் ஒரு பத்தி. தோற்றால் வெளியேறும் முறையில் நடக்கும் எப்.ஏ. கிண்ணம் இன்னொரு பத்தி. நாடளாவிய முதல்தர லீக் மற்றொன்று. அழைப்புப் போட்டிகள், எழுவர் போட்டிகள் கடைசியில்.

பெயர்தான் பெரிய பொறி. நாடளாவிய லீக் சில காலம் டயலொக் சாம்பியன்ஸ் லீக் என்று அனுசரணையாளரின் பெயரோடு நடந்தது. 2021இல் பத்துக் கழகங்களோடு சுப்பர் லீக் தொடங்கியது. முதல் பட்டத்தைக் களுத்துறை புளூ ஸ்டார் வென்றது. அதே காலத்தில் இராணுவ அணி டிபெண்டர்ஸ் என்றும், விமானப்படை அணி புளூ ஈகிள்ஸ் என்றும், கடற்படை அணி சீ ஹோக்ஸ் என்றும் விளையாடின. பழைய செய்தியில் "இராணுவத்தை வென்றோம்" என்றும் புதிய செய்தியில் "டிபெண்டர்ஸை வென்றோம்" என்றும் வந்தால் இரண்டு எதிரணிகள் என்று எண்ணிவிடாதீர்கள். 1972 மே 22க்கு முந்தியதென்றால் 'இலங்கை' அணி ஆங்கிலச் செய்திகளில் 'சிலோன்' என்றுதான் இருக்கும்.

பருவங்கள் இரண்டு ஆண்டுகளில் விழும். கொழும்பு எப்.சி. கழகம் பட்டம் வென்ற பருவங்களை 2016/17, 2017/18 என்பதுபோலத்தான் எழுத வேண்டும். '2017' என்று மட்டும் எழுதினால் எந்தப் பருவம் என்று தெரியாது. உங்கள் கழகத்துக்கும் இதே முறைதான். இறுதிப்போட்டி ஜனவரியில் நடந்திருந்தால் கிண்ணத்தில் ஓர் ஆண்டும் பத்திரிகையில் இன்னோர் ஆண்டும் இருக்கும். பருவத்தையும் இறுதிப்போட்டித் திகதியையும் இரண்டு பத்தியாக வையுங்கள்.

5. பழைய பத்திரிகைகள்: சுவடிக்கூடமும் நூலகமும்

வேலையின் முக்கால் பங்கு இங்கேதான். கொழும்பு 7இல், முன்பு றீட் அவெனியூ என்று சொன்ன பிலிப் குணவர்தன மாவத்தையில் தேசிய சுவடிக்கூடம் இருக்கிறது. இலங்கையில் அச்சான பத்திரிகைகளின் பழைய தொகுதிகளை அங்கே உட்கார்ந்து பார்க்கலாம். அடையாள அட்டை, அதன் பிரதி, அறிமுகக் கடிதம் மூன்றையும் கொண்டுபோங்கள். வாசகர் படிவமும் கட்டணமும் உண்டு. கட்டணம் அவ்வப்போது மாறுவதால் முதல் நாளே தொலைபேசியில் கேளுங்கள். பையை உள்ளே கொண்டுபோக எதிர்பார்க்க வேண்டாம். பேனாவை விட்டுவிட்டுப் பென்சில் கொண்டுபோங்கள். போனில் படம் எடுக்கலாமா, எத்தனை பக்கம் பிரதி தருவார்கள் என்பதைத் தொகுதியைத் திறப்பதற்கு முன் கேட்டு அறியுங்கள். கடதாசி உடைந்து நொறுங்கும் நிலையில் உள்ள தொகுதிகள் கைக்குக் கிடைக்காமல் போகலாம். அதற்காக ஒவ்வொரு திகதிக்கும் இரண்டு பத்திரிகைகளைக் குறித்துக்கொண்டு போங்கள். ஒன்று இல்லாவிட்டால் மற்றதைப் பார்க்கலாம்.

எந்தப் பத்திரிகை எந்தக் காலத்துக்கு? வீரகேசரி 1930இலிருந்தும் தினகரன் 1932இலிருந்தும் வருகின்றன. தினபதி 1966இல் தொடங்கியது. ஆனால் 1974 ஏப்ரலில் அதை வெளியிட்ட நிறுவனத்தையே அரசு மூடிவிட்டது. மறுபடி 1977இல்தான் வந்தது. அந்த இடைவெளியில் தினபதியைக் கேட்டு நின்று நான் ஒரு முற்பகலை இழந்தேன். ஆங்கிலத்தில் டெய்லி நியூஸ் 1918இலிருந்தும், சிங்களத்தில் தினமின 1909இலிருந்தும் உண்டு. நான் பார்த்த அளவில் உதைபந்தாட்டத்துக்கு ஆங்கிலப் பத்திரிகைகளில் அணி விபரம் கூட இருந்தது. கொழும்புத் தமிழ் வீரர்களைப் பற்றிய பாராட்டும் படமும் தமிழில்தான் கிடைத்தன. இரண்டையும் பாருங்கள்.

எனக்கு மூன்று நாட்களைத் தின்ற விஷயம் ஒன்று உண்டு. ஞாயிறு ஆட்டம் என்றால் திங்கள் பத்திரிகையில் செய்தி என்று நினைத்துத் தேடிக்கொண்டிருந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. காரணம் நாட்காட்டி. 1966 தொடக்கம் 1971 நடுப்பகுதி வரை இலங்கையில் வார விடுமுறை ஞாயிற்றுக்கிழமை இல்லை. நிலவின் நான்கு கட்டங்களுக்கும் ஒன்றாக வரும் போயாவும் அதற்கு முந்திய நாளும்தான் விடுமுறை. ஆட்டங்கள் செவ்வாயிலும் வந்தன, வியாழனிலும் வந்தன. இந்த ஐந்தரை ஆண்டுக்குள் உங்கள் கழகத்தின் பொற்காலம் இருந்தால், அந்தந்த ஆண்டின் போயா நாட்களை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அதைச் செய்த பிறகு ஒரே நாளில் எனக்கு ஆறு செய்திகள் கிடைத்தன.

ஓர் ஆண்டு முழுவதையும் பக்கம் பக்கமாக வாசிக்க நினைக்காதீர்கள். வயதானவர்கள் சொன்ன காலத்தில் முதலில் இறுதிப்போட்டியைத் தேடுங்கள். அது கிடைத்தால் அங்கிருந்து பின்னோக்கி அரையிறுதி, காலிறுதி என்று போகலாம். ஒரு நாளில் மூன்று மாதத் தொகுதியைப் பார்த்து முடிப்பதே நல்ல வேகம்.

ஐயாவின் பெயர் எப்படித் தவறியது என்பதையும் சொல்கிறேன். இறுதிப்போட்டி நடந்த நாளின் காலைப் பத்திரிகையில் அணி விபரம் பதினொரு பெயரோடு அழகாக வந்திருந்தது. அதை அப்படியே பிரதி செய்தேன். அது விளையாடவிருந்த அணி, விளையாடிய அணி இல்லை. ஒருவருக்குக் காலில் அடிபட்டுக் கடைசி நேரத்தில் ஐயாவை இறக்கியிருக்கிறார்கள். அது இரண்டு நாள் கழித்து வந்த ஆட்டச் செய்தியின் கடைசி வரியில் இருந்தது. முன்னோட்டச் செய்தியிலிருந்து ஒருபோதும் அணிப் பட்டியல் எடுக்காதீர்கள். ஆட்டத்துக்குப் பிந்திய மூன்று நாள் பத்திரிகைகளையும் கடைசி வரி வரை வாசியுங்கள்.

பெயர்களும் குழப்பும். ஆங்கிலத்தில் முதலெழுத்து மட்டும் வரும். தமிழில் செபஸ்தியன், செபஸ்டியன், செபஸ்ரியன் மூன்றும் ஒருவராகவே இருக்கலாம். ஒரே குடும்பத்து அண்ணனும் தம்பியும் ஒரே அணியில் இருந்தால் இன்னும் சிக்கல். குடும்பத்தாரிடம் பெயரைக் காட்டி அவர்கள் எழுதும் விதத்தில் எழுதுங்கள்.

கொழும்புப் பொது நூலகத்தையும் பாருங்கள். விகாரமகாதேவி பூங்காவின் பக்கத்தில் இருக்கிறது. பாடசாலைகளையும் மறக்காதீர்கள். கொட்டாஞ்சேனை புனித பெனடிக்ற், மருதானை ஸாஹிரா, ஹமீத் அல் ஹுசைனியா போன்ற உதைபந்தாட்டப் பெயர் பெற்ற பாடசாலைகளின் ஆண்டு மலர்களில் உங்கள் வீரர்களின் பதினெட்டு வயதுப் படம் கிடைக்கலாம். அதிபருக்கு எழுத்தில் கேளுங்கள், பரீட்சைக் காலத்தில் போகாதீர்கள்.

6. வீட்டிலிருந்தே தேடக்கூடியவை

காசில்லாத இடங்கள் மூன்று. நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகத்தில் இலங்கைத் தமிழ்ச் சிறப்பு மலர்களும் சஞ்சிகைகளும் நிறைய உண்டு. கழகத்தின் பெயரை விடத் தெருவின் பெயர், பாடசாலையின் பெயர் போட்டுத் தேடினால் பலன் கூட. ஆர்.எஸ்.எஸ்.எஸ்.எப். என்ற புள்ளிவிபரத் தளத்தில் இலங்கையின் லீக், எப்.ஏ. கிண்ண வெற்றியாளர் பட்டியல்கள் உண்டு. உங்கள் பட்டியலை அதோடு ஒப்பிடுங்கள். மூன்றாவது, சிங்கப்பூர் தேசிய நூலகச் சபையின் பழைய பத்திரிகைத் தளம். இலங்கை அணிகள் அந்தப் பக்கம் போய் விளையாடிய சுற்றுப்பயணங்கள் அங்கே பதிவாகியிருக்கின்றன.

வெளிநாட்டு அணியோடு ஆடியதாக யாராவது சொன்னால் எதிரணி நாட்டின் பதிவையும் பாருங்கள். 2019இல் ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் ஏ.எப்.சி. கிண்ணத் தகுதிச்சுற்றில் கொழும்பு எப்.சி., இந்தியக் கழகமான 'சென்னையின் எப்.சி.'யோடு மோதியது. கொழும்பில் 0-0, அகமதாபாத்தில் 0-1. அந்த ஆட்டங்களின் விபரம் இலங்கைச் செய்திகளை விட இந்தியச் செய்திகளில் விரிவாக இருக்கிறது. தேசிய அணிக்கு ஆடியதாகச் சொல்லப்படும் வீரருக்கும் இப்படித்தான். இலங்கை வென்ற 1995 தெற்காசியத் தங்கக் கிண்ணக் குழுவிலோ, இறுதிப்போட்டி வரை போன 2006 ஏ.எப்.சி. சவால் கிண்ணக் குழுவிலோ இருந்தாரா, ஆடினாரா, ஆயத்த முகாமில் மட்டும் இருந்தாரா என்று பிரித்து எழுதுங்கள். முகாமுக்கு அழைக்கப்பட்டதே பெருமைதான், அதை அப்படியே எழுதினால் யாருக்கும் குறை இல்லை. 2023 ஜனவரி 21இலிருந்து அந்த ஆண்டு ஓகஸ்ட் வரை இலங்கையை ஃபிஃபா இடைநிறுத்தி வைத்திருந்தது. அந்த இடைவெளியில் அதிகாரபூர்வ சர்வதேச ஆட்டம் என்று யாராவது சொன்னால் திகதியைத் திரும்பப் பாருங்கள்.

7. அலுவலகக் கோப்புகள்

லீக் அலுவலகத்துக்கும் இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்கும் கடிதம் கொடுங்கள். பழைய ஆட்ட அறிக்கைகள் கிடைப்பது அதிர்ஷ்டம். ஆனால் கழகம் எந்த ஆண்டு இணைந்தது, எந்தப் பிரிவில் இருந்தது என்ற விபரம் கேட்டுப் பார்க்கலாம். கடிதத்தின் பிரதியில் 'கிடைத்தது' என்று திகதியோடு கையொப்பம் வாங்குங்கள். நான் வாங்காமல் விட்ட கடிதம் இரண்டு மாதம் கழித்து "வரவே இல்லை" ஆகிவிட்டது.

கழகப் பதிவு, மைதான அனுமதி போன்றவை அரச அலுவலகங்களிலோ மாநகர சபையிலோ இருக்கும். அங்கே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உதவும். தகவல் உத்தியோகத்தரிடம் எழுத்தில் கேளுங்கள், தமிழிலேயே கேட்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, பிரதிக்குத்தான் காசு. தருவதா இல்லையா என்ற முடிவைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். "எல்லாக் கோப்பும் தாருங்கள்" என்று கேட்டால் இழுபடும். "இந்தக் கழகத்தின் பதிவுத் திகதி, பதிவு இலக்கம், முதல் நிர்வாகிகளின் பெயர்" என்று குறிப்பாகக் கேளுங்கள்.

8. மூன்று நிறப் பேனா

ஒவ்வொரு வெற்றிக்கும் ஒரு பக்கம் வைத்து, மேலே போட்டி, பருவம், திகதி, மைதானம், கோல் எண்ணிக்கை, அணி என்று எழுதுங்கள். அச்சில் வந்த ஆதாரம் இருந்தால் பச்சை. இரண்டு பேர் தனித்தனியாக ஒரே மாதிரிச் சொன்னால் நீலம். ஒருவர் மட்டும் சொன்னால் சிவப்பு. பச்சையை வெற்றிப் பட்டியலில் போடுங்கள். நீலத்தை "மூத்த வீரர்களின் நினைவில்" என்ற தனிப் பகுதியில், சொன்னவரின் பெயரோடு போடுங்கள். சிவப்பைத் தேடிக்கொண்டே இருங்கள், அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

நிர்வாகத்தில் சிலருக்கு இது பிடிக்காது. "எல்லாரும் சொல்றதுதானே, போட்டுடுங்க" என்பார்கள். விட்டுக்கொடுக்காதீர்கள். கிண்ணம் ஒன்றைக் கூட்டி எழுதினால் மற்ற பதினைந்தையும் யாரும் நம்ப மாட்டார்கள். மைதானத்தில் வியர்வை சிந்தி வென்றவர்களுக்கு அது செய்யும் அநியாயம்.

அச்சுக்கு முன், அணிப் பட்டியல்களை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடித்து, உயிரோடு இருக்கும் ஒவ்வொரு பழைய வீரர் வீட்டுக்கும் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். ஒரு மாதம் போகும், போகட்டும்.

9. அச்சு

மூன்று அச்சகங்களில் எழுத்தில் விலை வாங்குங்கள். 64 பக்கம், 300 பிரதிக்கு எனக்குக் கிடைத்த விலைகளில் கூடியதற்கும் குறைந்ததற்கும் 60,000 ரூபா வித்தியாசம். கடதாசியின் தடிப்பு, எத்தனை பக்கம் வர்ணம், தாமதமானால் என்ன என்பதெல்லாம் விலைப் பத்திரத்தில் இருக்க வேண்டும். அச்சு முடிய மூன்று வாரம் என்றால் ஐந்து வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரக் காசை நம்பி முற்பணம் கொடுக்காதீர்கள், விளம்பரப் பணம் விழாவுக்குப் பிறகுதான் வந்து சேரும்.

பத்திரிகையில் வந்த படத்தை மலரில் போட அந்த நிறுவனத்திடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். குடும்பப் படங்களுக்கும் ஒரு வரிச் சம்மதக் கடிதம் போதும். புத்தகத்துக்கான சர்வதேச இலக்கமான ஐ.எஸ்.பி.என்.ஐத் தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையில் எடுக்கலாம். சுதந்திர அவெனியூவில் இருக்கிறது. அட்டை வடிவமைப்பை முடிப்பதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். சட்டப்படி சுவடிக்கூடத்துக்குப் போக வேண்டிய பிரதிகளை அச்சகத்தார் அனுப்பினார்களா என்று கேட்டுப் பாருங்கள். பொது நூலகத்துக்கு ஒன்று, நூலகம் நிறுவனத்துக்கு ஒன்று, படம் தந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று என்று முப்பது பிரதி ஒதுக்கி வையுங்கள்.

திருத்தத் தாளுக்கும் கொஞ்சக் காசு மிச்சம் வையுங்கள். எங்களுக்கு 300 தாள் 1,800 ரூபாவுக்கு முடிந்தது. மலர் போன வீடுகளுக்கெல்லாம் அதைக் கொண்டுபோனோம். ஐயாவின் பிரதியில் 31ஆம் பக்கத்தில் நானே பசை தடவி ஒட்டிக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பதினொரு பெயரையும் சத்தமாக வாசித்தார். பிறகு அடிபட்டு வெளியே இருந்த அந்த நண்பரின் பெயரும் எங்காவது வர வேண்டும் என்றார். அடுத்த பதிப்பில் அது வரும்.